விமானி திறனறி சோதனை: திசையுணர்வு, எதிர்வினை நேரம் – உண்மையில் எது அளக்கப்படுகிறது?

கீழ்வானம்:
விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு மைசூரு தேர்வு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தவர்கள் பிஏபிடி (இயந்திரங்களில் நடந்த பழைய விமானி திறனறி சோதனை), சிபிஎஸ்எஸ் (அதன் கணினி வடிவம்) பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, "வீடியோ கேம் நிறைய ஆடு." இன்னொன்று, "அது பிறவியிலேயே வரணும், பழகி வராது." வாழ்நாளில் ஒரே ஒரு முறை எழுதும் சோதனைக்கு இது போதாது. தவறினால் தரைப்பணிப் பிரிவுகளுக்கு வழி உண்டு, விமானி இருக்கைக்கு இல்லை.

தெரிந்தவர்கள் விளக்குங்கள். கருவிப் பலகைக் கேள்விகளில் சாய்வுத் திசையைப் பலரும் ஏன் தலைகீழாகப் படிக்கிறார்கள்? பெடல், ஸ்டிக், விளக்கு, ஒலி எல்லாம் ஒன்றாக வரும் சோதனையில் கோட்டை விடுவது எந்த இடத்தில்? செல்போன் ஆப்பில் 190 மில்லி விநாடி என்று காட்டினால் அதை நம்பலாமா?

ஆறு_டயல்:
முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கருவிச் சோதனையில் வருபவை ஆறு: வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திருப்பமானி, திசைகாட்டி, ஏற்ற இறக்க வீதமானி. குழப்பம் கிட்டத்தட்ட முழுவதும், விமானத்தின் சாய்வையும் மூக்கின் உயர்வு தாழ்வையும் காட்டும் செயற்கை அடிவானத்தில்தான்.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் டயலில் உள்ள அடிவானக் கோட்டின் இடது முனை மேலே ஏறும், வலது முனை கீழே இறங்கும். கோடு வலப்பக்கம் சரிந்து தெரிவதால் "வலப்பக்கச் சாய்வு" என்று குறித்துவிடுகிறார்கள். கோட்டைப் பார்க்காதீர்கள். நடுவில் அசையாமல் இருக்கும் குட்டி விமானத்தைப் பாருங்கள். அதன் எந்த இறக்கை பழுப்பு நிறத்துக்குள், அதாவது தரைப் பக்கத்தில் கிடக்கிறதோ, அந்த இறக்கைதான் தாழ்ந்திருக்கிறது. நடுப்புள்ளி கோட்டுக்கு மேலே நீலத்தில் இருந்தால் மூக்கு உயர்ந்திருக்கிறது.

அடுத்த பொறி, விடைப் படங்கள். ஒரு உதாரணம்: இடது இறக்கை பழுப்பில், புள்ளி நீலத்தில், திசைகாட்டி 225 பாகை. ஆக விமானம் தென்மேற்கு நோக்கி, இடப்பக்கம் சாய்ந்து, மூக்கைத் தூக்கிப் பறக்கிறது. இத்தகைய படங்களில் பார்ப்பவர் தெற்கே நின்று வடக்கு நோக்கிப் பார்ப்பதாகக் கொள்வது பொது வழக்கம். அறிவுரைப் பக்கத்தில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். 225 என்றால் மூக்கு உங்களை நோக்கியும் உங்கள் இடக்கைப் பக்கமும் திரும்பியிருக்கும். எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கை உங்களுக்கு வலப்பக்கம். எனவே படத்தில் வலப்பக்க இறக்கை தாழ்ந்திருக்க வேண்டும். படத்தின் இடப்பக்கம் தாழ்ந்திருக்கும் விடையும் பக்கத்திலேயே இருக்கும், அவசரத்தில் கை அங்கேதான் போகும்.

முதலில் திசையை வைத்து விடைகளைக் கழியுங்கள், பிறகு மூக்கை, கடைசியாகச் சாய்வை. சாய்விலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு படத்தையும் மனத்துக்குள் சுழற்ற வேண்டிவரும். உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971இல் காட்டியது இதுதான்: ஓர் உருவத்தை மனத்தில் சுழற்றும் நேரம், சுழற்ற வேண்டிய கோணத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. அவர்கள் சோதனையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 பாகை. ஐந்து படங்களையும் சுழற்றிப் பார்ப்பவருக்கும் இரண்டை மட்டும் சுழற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் திறமை அல்ல, வரிசை.

குறுக்குக்காற்று:
"பழுப்பில் இருக்கும் இறக்கை தாழ்ந்தது" என்பது மேற்கத்திய வகைக் கருவிக்கு மட்டும் பொருந்தும். ரஷ்ய வகையில் சாய்வைக் காட்டுவது அடிவானக் கோடு இல்லை. கோடு கிடையாகவே நிற்கும், குட்டி விமானம்தான் சாயும். மிக் விமானங்களை இத்தனை காலம் ஓட்டிய நாட்டில் ஒரு வகையை மட்டும் வைத்துத் திசையுணர்வை அளப்பது சரியா? புதியவர்கள் ரஷ்ய வகையில் சாய்வைத் தலைகீழாகப் படிப்பது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் இந்தச் சோதனை அளப்பது திறமையையா, ஒரு குறிப்பிட்ட டயலோடு உள்ள பழக்கத்தையா?

ஆறு_டயல்:
கேள்வி நியாயமானது, உயிரோடு சம்பந்தப்பட்டதும்கூட. 2000 ஜனவரி 10, சூரிச்சிலிருந்து கிளம்பிய கிராஸ்ஏர் 498 விமானம். அதன் கேப்டன் சோவியத் வகைக் கருவிகளில் பழகியவர். இரவு, மேகத்துக்குள் விமானம் வலப்பக்கச் சாய்வில் போய்க்கொண்டிருந்தபோது சாய்வைக் கூட்டும் பக்கமே கட்டுப்பாடு போனது. பத்துப் பேர் இறந்தார்கள். 2008 செப்டம்பர் 14, பெர்ம் நகரில் விழுந்த போயிங் 737. அங்கேயும் பழைய வகை அடிவானத்தில் ஊறிய பழக்கம் விசாரணையில் பேசப்பட்டது. 88 உயிர்கள்.

ஆனால் சோதனையைப் பொறுத்தவரை உங்களோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. அறிவுரைப் பகுதியில் ஒவ்வொரு டயலையும் விளக்கிய பிறகுதான் கேள்விகள் வருகின்றன. ஒரு புதிய விதியைச் சில நிமிடங்களில் வாங்கிக்கொண்டு, நேர நெருக்கடியில் அதைப் பிறழாமல் பயன்படுத்துகிறாரா என்பதும் அளவீட்டின் பகுதி. விமானப் பயிற்சியும் அப்படித்தான் நடக்கிறது.

உயரமானி பற்றி ஒரு சொல். மூன்று முள் வகையில் நீள முள் நூறுகள், குட்டை முள் ஆயிரங்கள், மூன்றாவது பத்தாயிரங்கள். பத்தாயிர முள்ளிலிருந்து நூறு முள்ளை நோக்கிப் படியுங்கள், எதிர்த் திசையில் வேண்டாம். முள் எண்ணைத் தொடாமல் சற்று முன்னால் நின்றால் கீழெண்தான் சரி: ஆயிர முள் 4ஐ நெருங்குகிறது, நூறு முள் 9இல் இருக்கிறது என்றால் 3,900 அடி, 4,900 அல்ல. ஆய்வாளர்கள் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 1947இல் கருவி வாசிப்புப் பிழைகள் 270ஐத் தொகுத்தபோதே இது பெரிய தொல்லையாகத் தெரிந்தது. 1958 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் அருகே ஒரு வைகவுண்ட் விமானம் தரையில் மோதியதற்குக் காரணமும் உயரத்தைப் பத்தாயிரம் அடி கூடுதலாகப் படித்ததுதான்.

நடுப்புள்ளி:
பெடல், ஸ்டிக் பற்றி நான் சொல்கிறேன். பழைய இயந்திர வடிவத்துல திரையில ஒரு புள்ளி அலையும். அதை நடுச்சதுரத்துல வைக்கணும். இட வலம் கால் பெடல், மேல் கீழ் ஸ்டிக். இதுக்கு நடுவுல விளக்கு எரியும், ஒலி வரும். இடக்கைப் பக்கம் இருக்கிற நெம்புகோலால அணைக்கணும்.

கோட்டை விடுற முதல் இடம் "துரத்தல்". புள்ளி வலப்பக்கம் ஓடுது, இடது பெடலை அமுக்குறீங்க, புள்ளி நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிடுது, உடனே வலதை அமுக்குறீங்க. ஊசல் மாதிரி ஆட்டம் கூடிக்கிட்டே போகும். காரணம் கண்ணுக்கும் காலுக்கும் நடுவுல இருக்கிற தாமதம், சுமார் 0.2 விநாடி. புள்ளி விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்துல நடுவை நோக்கி வந்தா, நீங்க "நிறுத்து"ன்னு முடிவெடுத்து கால் அசையறதுக்குள்ள 1 சென்டிமீட்டர் கடந்திருக்கும். அதனால நடுவுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே விட்டுடணும். சின்ன அமுக்கு, உடனே விடு, பார், தேவைன்னா மறுபடி சின்ன அமுக்கு. பெடலை அமுக்கியபடியே வைக்கக் கூடாது.

குதிகால் தரையில ஊனியிருக்கணும், பாதத்தோட முன்பகுதியால அமுக்கணும். குதிகால் அந்தரத்துல இருந்தா தொடை முழுக்க வேலை செய்யும், சின்ன அமுக்குங்கிறதே நடக்காது.

ரெண்டாவது, விளக்கைத் தேடிக் கண்ணைத் திருப்புறது. கண் நடுச்சதுரத்துலயே இருக்கட்டும். பக்கத்துல எரியுற விளக்கு ஓரப்பார்வையிலேயே தெரியும், ஒலிக்குக் கண்ணே வேண்டாம். இடக்கை மடியில இருக்கக் கூடாது, நெம்புகோல் மேல இருக்கணும். எந்த நெம்புகோல் எதுக்குன்னு செயல்விளக்கத்தப்பவே கையால ரெண்டு மூணு தடவை தொட்டு மனசுல பதிச்சுக்கணும். தப்பான நெம்புகோலை வேகமா இழுக்கிறதை விட சரியானதைச் சற்றுத் தாமதமா இழுக்கிறது மேல்.

இன்னொரு இயந்திரத்துல வளைஞ்சு வளைஞ்சு வர்ற புள்ளிகளை ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே போகணும். அங்கே பார்வை இப்போ தொடுற புள்ளி மேல இருக்கக் கூடாது, அடுத்த ரெண்டு புள்ளி மேல இருக்கணும். ஒண்ணு தவறினா அதை விட்டுடுங்க. திரும்பிப் போய்ப் பிடிக்கப் பார்த்தா அடுத்த மூணும் போயிடும்.

கீழ்வானம்:
நடுப்புள்ளி அண்ணா, ஒரு பெரிய தவறும் பல சிறிய தவறுகளும் ஒரே மதிப்பா?

நடுப்புள்ளி:
எந்தக் கணக்குல அளக்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது தம்பி. ஆய்வகங்கள்ல பொதுவா விலகலை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் பார்ப்பாங்க. ஒருத்தர் 10 விநாடியும் 1 சென்டிமீட்டர் தள்ளியே வச்சிருக்கார்: வர்க்கச் சராசரி 1. இன்னொருத்தர் 9 விநாடி சரியா நடுவுல வச்சு, ஒரு விநாடி மட்டும் 5 சென்டிமீட்டர் விட்டுட்டார்: 25ஐ 10ஆல வகுத்தா 2.5. சாதாரணச் சராசரியில ரெண்டாமவர் நல்லவர், வர்க்கக் கணக்குல முதலாமவர் நல்லவர். ஓடுபாதையை நெருங்குற விமானத்துக்கு ஒரு பெரிய விலகல்தான் ஆபத்து, அதனால வர்க்கக் கணக்குக்கு அர்த்தம் இருக்கு. விளக்கை அணைக்கிற அவசரத்துல புள்ளியை முழுசா மறந்துடுறதுதான் அந்த 5 சென்டிமீட்டர்.

சுற்றுப்பலகை:
செல்போன் ஆப் காட்டும் 190க்கு வருகிறேன். ஒளியைக் கண்டு ஒரே ஒரு பொத்தானை அழுத்தும் எளிய எதிர்வினைக்கு, நலமான இளைஞருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். ஒலிக்கு அதைவிட 30 முதல் 50 குறைவு. செல்போனின் தொடுதிரை மட்டுமே 50 முதல் 100 வரை தன் பங்குக்குச் சேர்க்கும். கணினித் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படச்சட்டம் 16.7 மில்லி விநாடி, மேலிருந்து கீழே வரையப்படுவதால் திரையின் அடிப்பகுதி மேலும் தாமதம். சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையைக் கணினி 8 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் விசாரிக்கும். தொலைக்காட்சியைத் திரையாக வைத்தால் அதன் படச் செயலாக்கம் தனி.

இவை எல்லாமே கூட்டுபவை, ஒன்றுகூடக் கழிக்காது. அப்படியிருக்க செல்போனில் 190 வருகிறது என்றால் வேகமான கை என்று மகிழ வேண்டாம். ஆப்பின் இடைவெளி ஒரே சீராக இருந்து, அழுத்தியவர் தாளம் பிடித்து முன்கூட்டியே அழுத்தியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரியாக அளக்க வேண்டுமென்றால் ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) போதும். எட்டாம் பின்னிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி, மறுமுனை கிரவுண்டுக்கு. இரண்டாம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அழுத்து பொத்தான், பலகைக்கு உள்ளிருக்கும் புல்அப் மின்தடையை இயக்கிக்கொண்டால் தனி மின்தடை வேண்டாம். நிரலில் எல்இடி எரியும் வரியிலும், பொத்தான் அழுத்தியதும் ஓடும் இடைமறிப்பிலும் (இன்டரப்ட்) மைக்ரோஸ் என்ற மைக்ரோ விநாடி எண்ணை எடுத்துக் கழித்தால் நேரம் கிடைக்கும். 16 மெகாஹெர்ட்ஸ் பலகையில் அதன் நுணுக்கம் 4 மைக்ரோ விநாடி.

தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். இடைவெளியை 2 முதல் 10 விநாடிக்குள் தற்செயலாக மாற்றாவிட்டால் தாளம் பிடித்துவிடுவார்கள். தற்செயல் எண்ணுக்கு, எதனோடும் இணைக்காத அனலாக் பின்னை வாசித்து விதை (தொடக்க எண்) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதே வரிசைதான் வரும். காத்திருக்கும் நேரத்தை ஒரே டிலேயாக (நிரலை நிறுத்திவைக்கும் கட்டளை) எழுதினால் நிரலின் முதன்மை ஓட்டம் அந்த நேரத்தில் பொத்தானைப் பார்க்காது, பொத்தானைப் பிடித்தபடியே இருப்பவரும் பிடிபட மாட்டார். ஆகவே எல்இடி எரியும் முன் பொத்தான் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். கடைசியாகப் பொத்தானின் அதிர்வு, அதாவது அழுத்தும்போது தொடர்பு சில கணம் விட்டுவிட்டுத் துள்ளுவது. முதல் தொடர்பையே எடுத்துக்கொண்டால் அதிர்வு நேரத்தைக் கூட்டாது, ஆனால் அதையடுத்த 20 மில்லி விநாடி வரும் துடிப்புகளைப் புறக்கணிக்காவிட்டால் ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும்.

100 மில்லி விநாடிக்குக் கீழே வரும் எதையும் எதிர்வினையாகக் கணக்கிடாதீர்கள். அது தவறான தொடக்கம்.

குறுக்குக்காற்று:
சரி, நேரம் துல்லியமாகக் கிடைத்தது. 240க்கும் 210க்கும் உள்ள 30 மில்லி விநாடியில் எந்த விமானியின் தரம் தெரிந்துவிடப் போகிறது? வானத்தில் அந்த 30 எங்கே பயன்படுகிறது?

சுற்றுப்பலகை:
எங்கேயும் பயன்படாது, சொல்ல வந்ததே அதுதான். எளிய எதிர்வினை நேரத்தின் சராசரியை வைத்து விமானியைப் பிரிக்க முடியாது. மூன்று வேறு விஷயங்கள் பேசுகின்றன.

ஒன்று, தேர்வு எதிர்வினை. பல விளக்குகளில் எது எரிந்தது, அதற்கு எந்தக் கை என்று முடிவெடுக்கும் நேரம். உளவியலாளர் ஹிக் 1952இல் காட்டியபடி, வாய்ப்புகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது. இரண்டாவது, சரிதவறு. வேகத்தைக் கூட்டினால் பிழை கூடும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, சிதறல். ஒருவரின் நடு மதிப்பு 240, அவரது மிக மெதுவான பத்தில் ஒரு பங்கு 300. இன்னொருவரின் நடு மதிப்பு 220, ஆனால் மெதுவான பத்தில் ஒரு பங்கு 600. இரண்டாமவரின் கவனம் அவ்வப்போது அறுந்து போகிறது. சராசரி மட்டும் பார்த்தால் இது மறைந்துவிடும்.

விழிப்புநிலையை அளக்கும் பிவிடி சோதனை, 1985இல் டிங்கஸும் பவலும் வகுத்தது, இதை வைத்தே நிற்கிறது. 10 நிமிடம், இடைவெளி 2 முதல் 10 விநாடி, 500 மில்லி விநாடியைத் தாண்டும் ஒவ்வொன்றும் ஒரு "தவறவிடல்". தூக்கம் கெட்டவரிடம் முதலில் பெருகுவது இந்தத் தவறவிடல்களே, அவருடைய சிறந்த நேரங்கள் அவ்வளவு மாறாமலே இருக்கும். சோதனைக்கு முந்தைய இரவு தூங்காமல் பழகுவது ஏன் பயனற்றது என்பதற்கும் இதுவே விடை.

உள்செவி:
இந்த இழையில் ஒரு பெயர்க் குழப்பம் கலந்திருக்கிறது. படத்தையும் டயலையும் பார்த்து "எங்கே இருக்கிறேன், எப்படிச் சாய்ந்திருக்கிறேன்" என்று கணிப்பது மூளையின் இடஞ்சார் திறன். உடல் தரும் சமநிலை உணர்வு பொய் சொல்லும் நிலை திசைமயக்கம். முதலாவதில் முழு மதிப்பெண் பெற்றவரும் இரண்டாவதில் எல்லோரையும்போல ஏமாறுவார், ஏனென்றால் எல்லோரின் உள்செவியும் ஒரே மாதிரிதான் கட்டப்பட்டிருக்கிறது.

உள்செவியின் அரைவட்டக் குழாய்கள் உணர்வது சுழற்சியின் மாற்றத்தை மட்டுமே. விநாடிக்கு ஏறத்தாழ 2 பாகைக்குக் கீழே மெல்லச் சாய்ந்தால் அது உணர்வில் படாது. சீரான திருப்பம் 10 முதல் 20 விநாடி நீடித்தால் குழாய்க்குள் இருக்கும் திரவம் சுழற்சிக்கு ஈடுகொடுத்துவிடும், நேராகப் பறப்பதுபோல் தோன்றும். அப்போது இறக்கைகளைச் சமமாக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்ததாக உடல் அலறும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பது போன்ற செயற்கைச் சூழலில் பறக்க வைத்தபோது கட்டுப்பாட்டை இழக்க ஆன சராசரி நேரம் 178 விநாடி. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள்.

நமக்கு மிக அருகில் நடந்தது 1978 ஜனவரி 1. மும்பையிலிருந்து இரவில் கிளம்பிய ஏர் இந்தியா 855, அசோகா என்ற போயிங் 747. வலப்பக்கத் திருப்பம் முடிந்து இறக்கைகள் சமமான பிறகும் கேப்டனின் அடிவானக் கருவி வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. வெளியே இருண்ட கடல், ஒப்பிட அடிவானம் இல்லை. அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். 213 பேர் இறந்தார்கள். ஒரு கருவியை வேகமாகப் படிப்பது போதாது, மற்றக் கருவிகள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று ஓயாமல் ஒப்பிடுவதே பாதுகாப்பு.

பெங்களூரின் விமான மருத்துவ நிறுவனத்தில் திசைமயக்கத்தை விமானிகளுக்கு நேரிலேயே காட்டிப் பயிற்றுகிறார்கள். எளிய கருவி பாரனி நாற்காலி. கண்ணைக் கட்டி, சீரான வேகத்தில் சுழற்றி, சுழலும் திசையைக் கட்டைவிரலால் காட்டச் சொல்வார்கள். சற்று நேரத்தில் விரல் நேராகிவிடும், நாற்காலியை நிறுத்தியதும் எதிர்த் திசையைக் காட்டும். வீட்டிலுள்ள சுழல் நாற்காலியில் இதைச் செய்யாதீர்கள். நின்ற கணத்தில் தலையைக் குனிந்தால் குமட்டலோடு தலைகுப்புற விழ நேரும்.

வடகிழக்கு:
விமானப்படை பற்றியே பேச்சு போகிறது. விமான நிறுவனங்களின் கேடட் (பயிற்சி விமானி) தேர்வில் வரும் திசையுணர்வுச் சோதனை வேறு வகை. நெதர்லாந்தில் உருவான கம்பாஸ் தொகுப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே கேட்பது, "ஒரு வானொலி நிலையத்திலிருந்து விமானம் எந்தப் பக்கம் இருக்கிறது?"

விமானத்தின் திசை 090. நிலையத்தைக் காட்டும் முள், மூக்கிலிருந்து வலஞ்சுழியாக 240 பாகை. கூட்டினால் 330. நிலையம் உங்களுக்கு வடமேற்கே, 330 பாகையில். ஆனால் கேள்வி உங்கள் இடம் பற்றியது, அதனால் எதிர்த் திசை வேண்டும்: 150. நீங்கள் நிலையத்துக்குத் தென்கிழக்கே. கூட்டல் 360ஐத் தாண்டினால் 360ஐக் கழியுங்கள். எதிர்த் திசைக்கு 180ஐக் கழிப்பதைவிட 200ஐக் கழித்து 20ஐக் கூட்டுவது மனக்கணக்குக்கு எளிது: 330, 130, 150. சிறிய எண்ணென்றால் 200ஐக் கூட்டி 20ஐக் கழியுங்கள்.

கடைசிப் படியை மறப்பதுதான் பெரும் பிழை. நிலையத்தின் திசையையே தன் இடமாகக் குறித்துவிடுகிறார்கள், அது சரியாக எதிர் மூலையில் விழும்.

குறுக்குக்காற்று:
இத்தனை உத்தி சொல்லிக்கொடுத்த பிறகு அந்தச் சோதனை திறமையை அளக்குமா? பழகியவர் பழகாதவரை முந்தினால் தேர்வின் நோக்கமே கெடுகிறது.

ஆறு_டயல்:
பழக்கத்தின் பலன் முதல் சில முறைகளில்தான் செங்குத்தாக ஏறும், பிறகு தட்டையாகிவிடும். பெடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்றே தெரியாமல் உட்கார்ந்தவரின் முதல் நிமிட மதிப்பெண் அவருடைய திறமையைக் காட்டாது, பதற்றத்தையே காட்டும். எல்லோரும் அடிப்படையைத் தெரிந்துகொண்டு வந்தால் எஞ்சும் வேறுபாடே திறமைக்கு நெருக்கமானது. பணம் கொடுத்து வகுப்புக்குப் போக முடிந்தவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் அநியாயம். அதனால்தான் இவற்றை இங்கே வெளிப்படையாக எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். அமெரிக்க விமானப்படை இதை வேறு விதமாகக் கையாள்கிறது: அங்கே விமானித் தேர்வு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு, கணினிச் சோதனை ஆகியவற்றோடு ஏற்கெனவே பறந்த மணிநேரமும் சேர்க்கப்படுகிறது. முன்பழக்கத்தை மறைக்காமல் கணக்கிலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

கீழ்வானம்:
கேம் ஜாய்ஸ்டிக் வாங்கிப் பழகுவது பற்றிச் சொல்லவில்லையே?

நடுப்புள்ளி:
முறுக்குற பிடி இருக்கிற ஜாய்ஸ்டிக்ல இட வலமும் கையிலேயே வந்துடும். கைக்கும் காலுக்கும் வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற பழக்கம் அதுல வராது, அதுதான் இந்தச் சோதனையோட கருவே. கால் பெடல் கிடைச்சா மட்டும் பயன். ஒரு நாளைக்கு 20 நிமிடம், அதையும் நாலு ஐந்து நிமிடத் துண்டாப் பிரிச்சுக்கோங்க. புள்ளியைத் துரத்திக்கிட்டே இன்னொருத்தர் சொல்ற மூணு இலக்க எண்ணைத் திரும்பச் சொல்லுங்க. எண் சொல்ற நேரத்துல புள்ளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கவனிச்சா, உங்க கவனம் முதல்ல கைவிடுறது காலையா ஸ்டிக்கையான்னு தெரிஞ்சிடும். பெரும்பாலானவங்களுக்குக் கால்தான். அப்படின்னா ஸ்டிக்கைத் தொடாம பெடலை மட்டும் வச்சுப் பழகிட்டு, அப்புறம் ரெண்டையும் சேருங்க.